மூன்று கம்பி, ஒரு ஸ்டீல் அடிக்கோல்: பழக்கமில்லாத ஸ்வர வரிசைகளைக் கேட்க ஒரு பலகை

புதிய ஸ்வர வரிசை ஒன்றைப் பற்றிக் கேள்விப்பட்டதும் பலரும் கீபோர்டில்தான் தட்டிப் பார்க்கிறார்கள். கர்நாடக இசையின் கனகாங்கி வரிசை என்றால் இந்தந்தக் கட்டைகள், ரசிகப்ரியா என்றால் இவை, அவ்வளவுதான். ஆனால் கீபோர்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டைகளுக்கு நடுவே எப்போதும் 100 சென்ட். (ஒரு ஸ்தாயியை, அதாவது ச முதல் மேல் ச வரையுள்ள தூரத்தை, 1200 சம பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு சென்ட்.) அதில் சுத்த காந்தாரமும் சதுஸ்ருதி ரிஷபமும் ஒரே கட்டை. கேட்கும்போது காதில் இடறுவது வரிசையா, கீபோர்டா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. பக்கத்தில் எந்தச் சுருதி ஒலிக்கிறது என்பதையும் யாரும் கவனிப்பதில்லை. பாதிக் குழப்பம் அங்கேதான் இருக்கிறது.

அதனால் இந்தப் பலகைக்கு மூன்று கம்பிகள். முதலாவது எப்போதும் ஆதார ஷட்ஜம். நடுக்கம்பியில் நகரும் குதிரை (கம்பியைத் தாங்கும் சிறு கட்டை) வைத்து ஸ்வரங்களைத் தேடுகிறோம். மூன்றாவதிலும் ஒரு நகரும் குதிரை உண்டு. அது இடம் மாற்றக்கூடிய சுருதி. மூன்றும் ஒரே தடிமன், ஒரே இழுவிசை. இந்த ஒற்றுமை ஏன் முக்கியம் என்பது ஏ.சி. போட்டதும் தெரியும்.

பெட்டி

ஒலிக்கும் நீளம் 900 மி.மீ. இந்த எண்ணுக்குக் காரணம் உண்டு: ஷட்ஜத்தோடு 9/8 அதிர்வெண் விகிதத்துக்கு 800, 5/4-க்கு 720, 4/3-க்கு 675, 3/2-க்கு 600, 5/3-க்கு 540 என்று பெரும்பாலான விகிதங்கள் முழு எண்ணாகவே விழுகின்றன. இரண்டு முனையிலும் 100 மி.மீ. விட்டால் மொத்தம் 1100. அகலம் 120, உயரம் 70. அடிப்பலகையும் பக்கங்களும் 12 மி.மீ. ப்ளைவுட், மேல்பலகை 4 மி.மீ. ப்ளைவுட், இரு முனைகளிலும் தேக்குக் கட்டை ஒவ்வொன்று. பக்கப் பலகையில் 30 மி.மீ. துளை இரண்டு போட்டால் சத்தம் வெளியே வரும். ப்ளைவுட்டை ஈரம் தாங்கும் ரகமாகக் கேட்டு வாங்குங்கள். சாதாரண ரகம் ஐப்பசி மழையில் ஒட்டுவிட்டு மேல்பலகை உப்பிவிடும். சென்னையில் பெரியமேடு, சூளைப் பக்கத்து மரக்கடைகளில் அளவு சொன்னால் அறுத்தே தருவார்கள். எலக்ட்ரானிக்ஸ் சாமானுக்கு ரிச்சி தெருவுக்குப் போக வேலையில்லை: பிக்கப்போ ஆம்ப்ளிஃபயரோ இதில் கிடையாது. போனில் சென்ட் வரை காட்டும் ட்யூனர் ஆப் ஒன்று போதும்.

கம்பி 0.40 மி.மீ. ஸ்டீல். மயிலாப்பூரில் வீணை, தம்பூரா சாமான் விற்கும் கடைகளில் சுருளாகக் கேளுங்கள். கிடார் கம்பி பாக்கெட்டின் நீளம் இதற்குப் பற்றாமல் போகலாம். ஒரு கட்டைச் சுருதிக்கு, அதாவது 130.8 ஹெர்ட்ஸுக்கு, இந்தக் கம்பியில் வரும் இழுவிசை சுமார் 55 நியூட்டன். ஒரு கம்பிக்கு ஐந்தரைக் கிலோ எடை தொங்குகிற மாதிரி. மூன்றுக்கும் சேர்த்துப் பதினேழு கிலோவுக்குள். இந்தப் பெட்டி அதைத் தாராளமாகத் தாங்கும், கம்பியும் அறும் நிலைக்கு வெகுதூரம் கீழேயே இருக்கும்.

முறுக்க கிடார் கீ மூன்று. ஆனால் கீயை மட்டும் நம்பினால் எரிச்சல்தான் மிஞ்சும். ஷட்ஜத்துக்கு ஏறும்போது கம்பி மொத்தமாகவே 2 மி.மீ. அளவுதான் நீள்கிறது. ஆறு மி.மீ. தண்டும் 14-க்கு 1 பல்லும் உள்ள கீயை ஒரு பாகை திருப்பினாலே சுருதி ஒன்றரை சென்ட்டுக்கு மேல் நகர்ந்துவிடும். தம்பூராக்காரர்களின் வழியே இதற்கும் வழி: கீ இல்லாத முனையில் நிலைக்குதிரைக்கும் கம்பி மாட்டும் திருகாணிக்கும் நடுவே ஒரு மணி கோத்துவிடுங்கள். கீயால் ஐந்து சென்ட் வரை வந்து, மிச்சத்தை மணியைத் தள்ளி முடிக்கலாம்.

குதிரை

வேலையின் பெரும்பகுதி இதில்தான். நிலைக்குதிரை இரண்டும் மேல்பலகையிலிருந்து 20 மி.மீ. உயரம். நகரும் குதிரை 20.5, அதற்கு மேல் போகக் கூடாது. கம்பி தெளிவாக ஒலிக்கட்டும் என்று உயரமாகச் செய்தால் அது கம்பியைத் தூக்கி இழுவிசையைக் கூட்டும், ஸ்வரம் ஏறும். 2 மி.மீ. தூக்கினால் நடுவில் சுமார் 4 சென்ட் ஏற்றம். அதே குதிரை சுத்த ரிஷபத்தின் இடத்தில், முனைக்குப் பக்கத்தில், 17 சென்ட் ஏற்றும். ஒரே அளவாக ஏறினாலாவது கழித்துக்கொள்ளலாம். இது இடத்துக்கு இடம் மாறுவதால் வரிசையின் உருவமே கெடுகிறது.

அரை மி.மீ. உயர்வில் கம்பி குதிரையின் மேல் சரியாக உட்காராமல் இரையலாம். அப்போது குதிரைக்குப் பின்பக்கம், ஒலிக்காத பகுதியில், விரலை மெதுவாக வைத்தால் போதும். அழுத்தினால் மறுபடி ஏற்றம்தான்.

குதிரையின் அடி 25 × 20 மி.மீ. தலையில் 1 மி.மீ. பித்தளைத் தகட்டைப் பதித்து, ஒலிக்கும் பக்கத்து விளிம்பைக் கூராக வைத்து, பின்பக்கம் சரிவாக அரத்தால் தேயுங்கள். தலை உருண்டையாக இருந்தால் கம்பி எந்த இடத்தில் பிரிகிறது என்றே தெரியாது. ஒரு மி.மீ. பிழை 900-க்கு அருகில் 1.9 சென்ட், 450-க்கு அருகில் 3.85 சென்ட். கம்பி உட்காரும் பள்ளத்தில் பென்சில் கரியைத் தேய்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் கம்பி ஒட்டிக்கொண்டு இரு பக்கத்து இழுவிசையும் வேறுவேறாகிவிடும்.

அளவுக்கு ஒரு மீட்டர் ஸ்டீல் அடிக்கோலை நடுக்கம்பிக்குக் கீழே ஒட்டுங்கள். அடிக்கோலின் சுழி (0) மணி இருக்கும் பக்கத்து நிலைக்குதிரையின் உள்விளிம்பில் வரட்டும். அளவுப் பட்டையைக் காகிதத்தில் பிரிண்ட் எடுத்து ஒட்டும் யோசனை வேண்டாம்: பிரிண்டர் பக்கத்துக்கு ஏற்ப அளவைச் சுருக்கிவிடும், ஈரத்தில் காகிதமும் நீளும்.

இரண்டு சோதனை

முதலில் குதிரையைச் சரியாக 450-இல் வைத்து இரு பக்கமும் மீட்டுங்கள். இழுவிசை இரண்டுக்கும் பொது என்பதால் குதிரையின் உயரம் இதில் குறுக்கே வராது. இரு பக்கமும் ஒரே சுருதியில் இல்லையென்றால் சுழிப் புள்ளி தப்பு. 7.7 சென்ட் வித்தியாசம் வந்தால் குதிரை 1 மி.மீ. தள்ளி நிற்கிறது என்று அர்த்தம். அடிக்கோலை அந்த அளவு நகர்த்துங்கள்.

அடுத்தது, அதே இடத்தில் ஒலிக்கும் மேல் ஷட்ஜத்தையும் குதிரை எடுத்த முழுக் கம்பியையும் ஒப்பிடுவது. வித்தியாசம் 1200 சென்ட் இருக்க வேண்டும். 1204 என்றால் குதிரை உயரம் அதிகம். அடியைத் தேயுங்கள். மழைக்காலத்தில் மேல்பலகை இறங்கி 1200-க்கு வந்தும் கம்பி இரைந்தால் அடியில் ஒரு விசிட்டிங் கார்டைச் செருகுங்கள்.

மீட்டும்போது பலமாக இழுக்காதீர்கள். கம்பி 3 மி.மீ. விலகி ஆடினால் தொடக்கத்தில் சுமார் 5 சென்ட் ஏறி, பிறகுதான் இறங்கி நிற்கும். ட்யூனரில் முதல் ஒரு விநாடியைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

ஏ.சி. விஷயம்: ஸ்டீல் வெப்பத்தில் மரத்தைவிட அதிகம் நீளும். அறை 34 டிகிரியிலிருந்து 24-க்கு வந்தால் இந்தக் கம்பி சுமார் 30 சென்ட் ஏறிவிடும், அரை ஸ்வரத்தில் மூன்றில் ஒரு பங்கு. முழு நீளத்தில் வேறுவேறு சுருதிக்கு முறுக்கிய கம்பிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு ஏறும். மூன்றும் ஒரே ரகமாக, ஒரே சுருதியில் இருந்தால் சேர்ந்தே ஏறி சேர்ந்தே இறங்கும், விகிதம் கலையாது. பஞ்சமத்துக்கென்று தனியாக ஒரு மெல்லிய கம்பியைக் கட்டச் சொன்னால் கேட்காதீர்கள்.

மாயாமாளவகௌளையிலிருந்து 72-க்கு

முதலில் தெரிந்ததை வையுங்கள். சரளி வரிசை பாடிய யாருக்கும் இந்த மாயாமாளவகௌளை வரிசை மனப்பாடம் (எழுத்துக்குப் பின் வரும் எண் ஸ்வரத்தின் வகை: ரி1 சுத்த ரிஷபம், க3 அந்தர காந்தாரம்):

ச 900, ரி1 843.75, க3 720, ம1 675, ப 600, த1 562.5, நி3 480, மேல் ச 450, மேல் ரி1 421.9.

ட்யூனர் இவற்றைச் சம அளவுக் கட்டைகளோடு ஒப்பிட்டுக் காட்டும். ரி1-க்கு +12, க3-க்கு −14, ம1-க்கு −2, ப-வுக்கு +2, த1-க்கு +14, நி3-க்கு −12 சென்ட் என்று வந்தால் பலகை சரி. காதால் சரிபார்க்க விரும்பினால் முதல் கம்பியையும் சேர்த்து மீட்டி அலைவை, அதாவது சத்தம் கூடிக் குறையும் துடிப்பை, கேளுங்கள். 720-இல் காந்தாரம் அசையாமல் நிற்கும். குதிரையை 714-க்கு, கீபோர்டின் காந்தாரத்துக்கு, நகர்த்தினால் விநாடிக்கு ஐந்து தடவை துடிக்கும். ஷட்ஜத்தின் ஐந்தாவது மேற்சுரமும் (ஆதார அதிர்வெண்ணின் ஐந்து மடங்கில் கூடவே ஒலிப்பது) காந்தாரத்தின் நான்காவதும் 654 ஹெர்ட்ஸ் பக்கத்தில் உரசுவதுதான் அந்தத் துடிப்பு. நல்ல தம்பூராவில் யாரும் மீட்டாமலேயே அந்தர காந்தாரம் கேட்பதும் இதே ஐந்தாவது மேற்சுரத்தால்தான்.

இனி நடுக்கம்பியில் எந்த இடத்தையும் மாற்றாமல், மூன்றாம் கம்பியின் குதிரையை மட்டும் 843.75-க்குக் கொண்டு போங்கள். முதல் கம்பியைத் துணியால் அடக்கிவிடுங்கள். சுருதி இப்போது ரிஷபத்தில். அதே ஸ்தானங்களை ரி முதல் மேல் ரி வரை மீட்டினால் வருவது ச ரி3 க3 ம2 ப த3 நி3: ரசிகப்ரியா, கர்நாடக இசையின் 72 தாய் வரிசைகளில் (மேளங்களில்) 72-ஆவது. கிரக பேதம் என்று பாடத்தில் படிப்பது இதைத்தான். மூன்றாம் கம்பியை 675-க்கு நகர்த்தினால் சிம்மேந்திரமத்யமம். 720-க்கு நகர்த்தினால் மத்யமமே இல்லாமல் இரண்டு காந்தாரத்தோடு ஒரு வரிசை வரும். அது 72-இல் சேராது. ஆனால் கேட்டுப் பாருங்கள், அதற்கும் ஒரு முகம் இருக்கிறது.

72 மேளங்களில் 40 விவாதி மேளங்கள், அதாவது ரி-க அல்லது த-நி ஒன்றையொன்று நெருக்கி நிற்பவை. அவற்றைக் கேட்டதும் பலர் முகம் சுளிப்பதற்கான காரணத்தை இந்தப் பலகையில் அளந்தே பார்க்கலாம். மேலே கிடைத்த ரசிகப்ரியாவில் ஷட்ஸ்ருதி ரிஷபம் 75/64, அதாவது 275 சென்ட். அந்தர காந்தாரத்துக்கு இன்னும் 112 சென்ட் இடைவெளி. ஆனால் ரி3-யும் க2-வும் ஒன்றே என்று பாடத்தில் சொல்வதை அப்படியே எடுத்து, சுத்தமான க2-வின் 6/5-ஐ வைத்தால் 316 சென்ட். மிச்ச இடைவெளி 70 சென்ட்தான். குதிரை இடத்தில் இது 720-க்கும் 703.1-க்கும் உள்ள வித்தியாசம், கிட்டத்தட்ட 17 மி.மீ. இரண்டையும் மாற்றி மாற்றி வையுங்கள். 703-இல் ரிஷபம் காந்தாரத்தின் மேல் முட்டிக்கொண்டு நிற்கும். 720-இல் தனியாக உட்காரும். விவாதி தோஷம் என்ற புகாரில் ஒரு பகுதி இந்த 17 மி.மீ.தான் என்பது எங்கள் கருத்து. நாட்டை ராகத்தில் ஷட்ஸ்ருதி ரிஷபத்தை வித்வான்கள் நேராக நிறுத்தாமல் அசைத்துப் பாடுவதையும் இதோடு சேர்த்து யோசிக்கலாம்.

வட்டப்பாலைக் கணக்கு

சிலப்பதிகார உரைகளில் வரும் அலகுக் கணக்கு, அதாவது பழந்தமிழின் ஏழு ஸ்வரங்களுக்கான இடைவெளிக் கணக்கு: குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2. மொத்தம் 22. இதைக் கேட்கும் வரிசையாக மாற்றும்போது பலர் 22-ஐயும் சம பங்காக்கிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் இளி, அதாவது பஞ்சமம், 13 × 54.5 = 709 சென்ட்டில் விழும். பலகையில் 597.5. சுருதியோடு மீட்டினால் விநாடிக்கு ஒன்றரைத் துடிப்புக்கு மேல் வரும், நிற்காத பஞ்சமம். 1917-இல் வெளியான கருணாமிர்த சாகரம் என்ற நூலில் இசை ஆய்வாளர் ஆபிரகாம் பண்டிதர் 22-ஐ மறுத்து 24 சுருதி என்று வாதிட்டார். 24 சம பங்கில் பஞ்சமம் 700 சென்ட்டில், 600.7 மி.மீ.-இல் விழுகிறது, துடிப்பு இரண்டு விநாடிக்கு ஒன்று. சமமாகத்தான் பங்கிட வேண்டும் என்றால் 24 நியாயமான எண் என்பதைக் காது ஒத்துக்கொள்ளும்.

சமமாகப் பங்கிடாவிட்டால் 22-ம் பிசகாமல் அமைகிறது. 4 அலகை 9/8 ஆகவும், 3-ஐ 10/9 ஆகவும், 2-ஐ 16/15 ஆகவும் வையுங்கள். மூன்று 9/8, இரண்டு 10/9, இரண்டு 16/15 ஆகியவற்றைப் பெருக்கினால் துல்லியமாக 2 வருகிறது. மிச்சம் ஒரு துளியும் இல்லை.

அடுத்த சிக்கல்: துத்தத்தின் 4 அலகு அதற்கு முன்னால் இருக்கிறதா, பின்னாலா? இரண்டையும் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு ஸ்வரத்தின் அலகும் அதற்கு முந்தைய இடைவெளி என்று கொண்டால் இடங்கள் 900, 800, 720, 675, 600, 540, 506.25, 450. இது அரிகாம்போதி, செம்பாலை (பழந்தமிழ் இசையின் ஏழு பாலைகளில் ஒன்று) என்று இன்று பெரும்பாலோர் ஏற்கும் வரிசை. அலகு பின்னால் வருகிறது என்று கொண்டால் 900, 800, 711.1, 640, 600, 533.3, 480, 450. இது கல்யாணி. ஏழு எண்கள் அப்படியே இருக்கின்றன, எண்ணும் திசை மட்டும் மாறியிருக்கிறது. இதைக் காகிதத்தில் வாதாடுவதைவிடப் பலகையில் வைத்துவிட்டு வாதாடுவது மேல். இரண்டாவது வரிசையில் காந்தாரம் 711.1-இல், 408 சென்ட்டில் நிற்பதால் ஷட்ஜத்தோடு படபடக்கிறது. முதலாவதில் அது 720-இல் அமைதியாக நிற்கிறது. செம்பாலைக்கு இது ஆதாரம் ஆகாது, ஆனாலும் ஒதுக்கிவிட முடியாது.

சம பங்கு வரிசைகள்

ஸ்தாயியை ஏழு சம பங்காக்குவது தாய்லாந்து இசைக்குச் சொல்லப்படும் கோட்பாடு. இடங்கள்: 900, 815.1, 738.3, 668.7, 605.7, 548.6, 496.8, 450. ஒவ்வொரு அடியும் 171 சென்ட். இதில் அரை ஸ்வரமே இல்லை. மூன்றாவது ஸ்வரம் 343 சென்ட், சாதாரண காந்தாரத்துக்கும் அந்தரத்துக்கும் நடுவில் நிற்கும். பஞ்சமம் 16 சென்ட் குறைவு. மூன்றாம் கம்பியை 600-இல் வைத்துச் ச-ப சுருதியில் கேட்டால் எல்லாமே அபஸ்வரம். சுருதிக் கம்பியை ஷட்ஜத்தில் மட்டும் விட்டு, அதையும் எப்போதாவது மீட்டினால் வரிசை தன் காலில் நிற்கத் தொடங்கும்.

ஐந்து சம பங்கு: 900, 783.5, 682.1, 593.8, 516.9, 450. ஜாவாவின் ஸ்லெண்ட்ரோ என்ற ஐந்து ஸ்வர வரிசை இதற்குப் பக்கத்தில் வரும், ஆனால் ஒவ்வொரு கமெலான் (அங்குள்ள வாத்தியக் குழு) தொகுதியும் தனக்கென்று சுருதி கூட்டப்பட்டது. நம் காது இதை உடனே மோகனமாக்கிக்கொள்ளும். அந்தக் காந்தாரம் 480 சென்ட்டில் மத்யமத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது என்று அடிக்கோல் சொன்ன பிறகுதான் வித்தியாசம் உறைக்கும்.

ஸ்தாயியே இல்லாத வரிசை

போலன்-பியர்ஸ் வரிசையில் 2:1 கிடையாது. 3:1-ஐ 13 பங்காக்கி, ஒவ்வொன்றும் சுமார் 146 சென்ட். ஹைன்ஸ் போலனும் ஜான் பியர்ஸும் தனித்தனியாக இதற்கு வந்து சேர்ந்தார்கள். அந்த 13-இல் ஒன்பதைத் தேர்ந்தெடுக்கும் வரிசை ஒன்று 900-க்கு அழகாகப் பொருந்துகிறது:

900, 25/21-க்கு 756, 9/7-க்கு 700, 7/5-க்கு 642.9, 5/3-க்கு 540, 9/5-க்கு 500, 15/7-க்கு 420, 7/3-க்கு 385.7, 25/9-க்கு 324, 3-க்கு 300.

கம்பியில் இதை வழக்கம்போல ஓரமாக மீட்டினால் ஏமாற்றமே வரும். கம்பியின் ஓசையில் இரட்டைப்படை மேற்சுரங்களும் இருப்பதால் ஸ்தாயி உள்ளேயே ஒலிக்கிறது, வரிசை அதோடு மோதுகிறது. கிளாரினெட்டின் தாழ் ஸ்தாயியில் ஒற்றைப்படை மேற்சுரங்களே ஓங்கி நிற்பதால் அது இந்த வரிசைக்கு ஏற்ற வாத்தியம். பலகையில் அதே நிலைக்கு வர ஒரு வழி உண்டு: ஒலிக்கும் நீளத்தின் நட்ட நடுவில், நகம் படாமல், கட்டைவிரல் சதையால் மீட்டுங்கள். நடுவில் மீட்டினால் இரண்டாவது, நான்காவது மேற்சுரங்கள் எழவே எழாது. 540-க்கு 270-இல், 900-க்கு 450-இல். பத்து மி.மீ. முன்பின் போனாலும் கெட்டுவிடாது.

மூன்று கம்பியும் ஒன்றாக உதவும் இடம் இது. முதலாவதை 900-இல் விட்டு, நடுக்கம்பியை 540-இலும் மூன்றாவதை 385.7-இலும் வையுங்கள், 3:5:7. மூன்றையும் நடுவில் மீட்டுங்கள், பிறகு குதிரைக்கு ஒட்டி நகத்தால் மீட்டுங்கள். முதல் தடவை ஒட்டிக்கொள்ளும் மூன்று ஸ்வரங்களும் இரண்டாவது தடவை பிரிந்துபோகும். சுருதிக்குப் பஞ்சமம் வைக்க வேண்டாம். மூன்றாம் கம்பியை 300-இல் விடுங்கள். தம்பூராவில் போல ஜீவாளிக்குக் கம்பிக்கும் குதிரைக்கும் நடுவே நூல் போடும் பழக்கமிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். மேற்சுரங்கள் எல்லாவற்றையும் நூல் எழுப்பிவிடும், நடுவில் மீட்டியதன் பலன் போய்விடும்.

கடற்காற்றில் 0.40 கம்பி சீக்கிரம் துருவேறும். துரு ஏறிய கம்பி நீளவாக்கில் சீராக இல்லாமல் போவதால் 450 சோதனையில் இரு பக்கமும் ஒத்துவராது, குதிரையை எவ்வளவு நகர்த்தினாலும். தையல் மெஷின் எண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைத்து வையுங்கள். சோதனை தப்பத் தொடங்கியதும் மூன்று கம்பியையும் ஒரே சுருளிலிருந்து சேர்த்து மாற்றுங்கள்.